ஆங்கிலம் கற்கும் ஆர்வம் 30 நாளில் வற்றாமல் இருக்க...

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம் காரணம் கேட்டால், பிள்ளைகளின் படிப்பும் பேங்க் வேலையும் முதலில் வரும். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொல்வார்கள். "அப்படியே நானும் கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்கலாம்னு..." நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். முதல் வாரம் தினமும் உட்காருவார்கள். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இரண்டாவது மாதம் போய்ப் பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டரில் பையன் கேம் ஆடிக் கொண்டிருப்பான்.

நான் ஆங்கில ஆசிரியர் அல்ல. கோவையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் இன்ஜினியர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்தவன். அந்தத் தகுதியில்தான் எங்கள் தெருவில் மூன்று பேருக்கு ஞாயிறு காலைகளில் உதவி வருகிறேன். லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தையல் கடை அக்கா ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஐயா ஒருவர். ஆங்கில இலக்கணம் கற்பது எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. பாதியில் விட்டுவிடாமல் இருக்க உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகையில் உதவும் என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

ஆங்கிலத் தேர்வுகளை நடத்தும் கேம்பிரிட்ஜ் அமைப்பு, ஒவ்வொரு நிலையை எட்டவும் வழிகாட்டுதலுடன் சுமார் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்று வெளியிட்டிருக்கிறது. அன்றாடத் தேவைக்கு எளிய வாக்கியங்களில் பேசும் ஏ2 நிலைக்கு 180 முதல் 200 மணி நேரம். பழகிய விஷயங்களை ஓரளவு தடையில்லாமல் பேசும் பி1 நிலைக்கு, ஆரம்பத்திலிருந்து கணக்கிட்டால் 350 முதல் 400 மணி நேரம்.

தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்திற்கு 15 மணி நேரம் ஆகிறது. 200 மணி நேரத்திற்கு 400 நாட்கள். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் 30 நாளில் சரளமாகப் பேசலாம் என்கின்றன. அதை நம்பியவர் முப்பத்தோராம் நாள் என்ன நினைப்பார்? விளம்பரம் பொய் என்று நினைக்க மாட்டார். "எனக்கு மண்டையில ஏறலைங்க தம்பி, வயசாயிருச்சு" என்பார். லேத் அண்ணன் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அப்போது அவர் படித்திருந்தது 12 மணி நேரம்கூட இருக்காது. பேப்பரில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மைக்ரானில் அளந்து பழகியவர் அல்லவா, உடனே புரிந்து கொண்டார்.

எனவே கம்ப்யூட்டரில் முதல் வேலையாக, படித்த நிமிடங்களைக் குறித்து வைக்க ஒரு எக்செல் பைல் திறந்திடுங்கள். முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் நிமிடங்கள். மூன்றாவதாக ஒரு செல்லில் சம் பார்முலா போட்டு மொத்தத்தைக் காட்டச் செய்திடுங்கள். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம், அது இலவசம். ஒரு நாள் விடுபட்டால் மொத்தம் குறையாது, அடுத்த நாள் கூடத் தொடங்கும். மொழி கற்பிக்கும் சில மொபைல் செயலிகள் "தொடர்ந்து 41 நாள்" என்று எண்ணிக் காட்டும். ஒரு திருமணத்திற்குப் போய் வந்தால் போதும், 41 பூஜ்யமாகி விடும். சிறு பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வீடும் கடையும் பார்க்கும் பெரியவர்களுக்கு அது மனச்சோர்வு. அதனால்தான் மொத்தத்தை எண்ணச் சொல்கிறேன்.

கையில் இருக்கும் சொற்கள்

அடுத்தது, நோட்பேடைத் திறந்து ஏற்கனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களை டைப் செய்வது. டைப்பிங் பழக்கமும் ஆகும். தையல் கடை அக்கா, "எனக்கு ஏபிசிடி தவிர என்ன தெரியும்?" என்றார். "கடையில் ஒரு நாள் பேசுவதை யோசித்துப் பாருங்கள்" என்றேன். கட்டிங், லைனிங், ஹூக், ஜிப், ஓவர்லாக், பிளீட், சைடு, லூஸ், டைட், ஷோல்டர், டெலிவரி, அட்வான்ஸ், பேலன்ஸ்... அரை மணி நேரத்தில் நூற்று நாற்பதைத் தாண்டியது. ஸ்பெல்லிங் பாதி தவறு. அதைப் பற்றி அன்று நான் வாயே திறக்கவில்லை.

லேத் அண்ணனின் பட்டியல் வேறு விதம். டாலரன்ஸ், டயாமீட்டர், த்ரெட், பேசிங், சக், ரீமர் என்று வந்தது. அதில் பல சொற்கள் எனக்கே கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தவை. பள்ளியில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து, தொழிலில் இத்தனை சொற்களை நாள்தோறும் புழங்குபவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. சொற்களை வாக்கியமாகக் கோர்ப்பதுதான் பாக்கி. முதல் நாளே இது தெரிந்துவிட்டால் உட்காரும் விதமே மாறிவிடும்.

குரலைப் பதிவு செய்திடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். மொழி வளர்வது கற்பவருக்குத் தெரிவதில்லை. தினமும் கண்ணாடி பார்க்கும் பிள்ளைக்குத் தான் வளர்வது தெரியுமா? ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வரும் மாமாதான் "அடேயப்பா" என்பார். அந்த மாமாவின் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம்.

விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, சவுண்ட் ரெக்கார்டர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் அந்தப் புரோகிராம் கிடைக்கும். அதில் சிவப்பு வட்டப் பட்டனைக் கிளிக் செய்து பேசத் தொடங்குங்கள். முடித்ததும் மீண்டும் கிளிக் செய்தால் பதிவு தானாகவே சேமிக்கப்படும். இடது புறம் உள்ள பட்டியலில் அந்தப் பதிவின் மீது ரைட் கிளிக் செய்து ரீநேம் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுங்கள். பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். அப்போதுதான் பைல்கள் கால வரிசையில் நிற்கும். இடையே சிறு கோடு போடுங்கள். நாம் வழக்கமாகத் தேதிக்குப் போடும் சாய்வுக் கோட்டை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது.

மைக் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. மொபைல் போனின் ஹெட்செட்டைச் சில டெஸ்க்டாப்களின் பச்சைத் துளையில் செருகினால் பாட்டுக் கேட்கும், ஆனால் பேசுவது பதிவாகாது. மைக்குக்குத் தனியாகப் பிங்க் நிறத் துளை இருப்பதுதான் காரணம். யுஎஸ்பி ஹெட்செட் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிறகும் பதிவாகாவிட்டால் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்டு செக்யூரிட்டி பிரிவில் மைக்ரோபோன் அனுமதி ஆன் செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

பதிவில் என்ன பேசுவது? மாதம் ஒரு முறை, அதே மூன்று கேள்விகளுக்குப் பதில். நான் யார், நேற்று என்ன செய்தேன், நாளை என்ன செய்யப் போகிறேன். இந்த மூன்றுக்குள் மூன்று காலங்களும் வந்துவிடுகின்றன. கேள்விகளை மாற்ற வேண்டாம். எங்கள் தொழிலில் ஒரு புரோகிராமின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே சோதனையில் ஓட்டித்தான் ஒப்பிடுவோம். சோதனையை மாற்றினால் எது முன்னேறியது என்றே தெரியாது.

எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. நடுவில் திணறினால் திணறட்டும். அதையும் அழிக்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டாவது மாதப் பதிவு முதல் மாதத்தைவிட மோசமாகக் கேட்கலாம். முதல் மாதம் மனப்பாடமான நான்கு வாக்கியங்களைச் சொன்னவர், இரண்டாம் மாதம் சொந்தமாகச் சொல்ல முயன்று தடுமாறுவார். தடுமாறுவது அவர் அடுத்த படியில் கால் வைத்ததால்தான். ஆகவே இரண்டாவதைக் கேட்காமல் அப்படியே வைத்திடுங்கள். முதலாவதையும் நான்காவதையும் ஒப்பிடுங்கள்.

அக்காவின் முதல் பதிவு 50 விநாடி. அதில் பாதி மௌனம்; பின்னால் தையல் மெஷின் சத்தம். "யெஸ்டர்டே ஐ ஸ்டிச் டூ பிளவுஸ்" என்று நிறுத்தியிருந்தார். நான்காவது பதிவு ஒன்றே முக்கால் நிமிடம். அதில் "யெஸ்டர்டே ஐ ஸ்டிச்டு டூ பிளவுசஸ், ஒன் கஸ்டமர் டிட் நாட் கம்" என்று போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். முதலாவது ஓடும்போது முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தார். இரண்டாவது முடிந்ததும், "தம்பி, இன்னொருக்கா போடுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் நான் ஊரில் இல்லாதபோதும் அவர் தானாகவே உட்கார்ந்து படித்திருக்கிறார். எக்செல் பைல் காட்டிக் கொடுத்தது.

எதற்காகக் கற்கிறோம்?

பெரியவர்களுக்கு "ஏ பார் ஆப்பிள்" ஒத்து வராது. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள், மொழி கற்பவர்களின் ஆர்வம் குறித்து 1959-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேலை, வருமானம் போன்ற பயனுக்காகக் கற்பது ஒரு வகை. அந்த மொழி பேசுபவர்களோடு பழக வேண்டும் என்று கற்பது இன்னொரு வகை என்று அவர்கள் பிரித்தார்கள். ஹங்கேரியில் பிறந்த அறிஞர் ஜோல்டான் டோர்னி 2005-ல் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த மொழியைப் பேசும் தன்னையே ஒருவர் மனத்தில் எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறார் என்பதே அவரைத் தொடர்ந்து இழுக்கும் என்றார். எங்கள் தெரு அனுபவத்தில் எனக்கு டோர்னி சொன்னதுதான் சரியென்று படுகிறது.

அக்காவுக்கு அந்தப் படம் மிகத் தெளிவாக இருந்தது. மகள் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் ஆங்கிலத்தில் பேசுவார். மகளே நடுவில் நின்று அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாள். தன்னைப் பற்றிய புகாரை அந்தப் பெண் எப்படி மொழிபெயர்த்திருப்பாள் என்று நீங்களே யோசியுங்கள். நடுவில் மகள் இல்லாமல் டீச்சர் எதிரே தான் உட்கார்ந்திருப்பதுதான் அக்காவின் படம். ஆகவே பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, டீச்சரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை டைப் செய்தோம். "ஹவ் இஸ் ஷீ இன் மேத்ஸ்?", "டஸ் ஷீ டாக் இன் கிளாஸ்?" என்று போயின அவை. எட்ஜ் பிரவுசரில் திறக்கும் எந்தப் பக்கத்தையும் கண்ட்ரோல், ஷிப்ட், யு மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் கம்ப்யூட்டரே படித்துக் காட்டும். வாய்ஸ் ஆப்ஷன்ஸ் பட்டனில் வேகத்தைக் குறைக்கலாம். நம் காதுக்குப் பழகிய இந்திய ஆங்கில உச்சரிப்பில் நீரஜா என்ற குரலும் இருக்கிறது. கேள்விகளை வேர்டில் பிடிஎப் பைலாகச் சேமித்து, எட்ஜில் திறந்து, குரலோடு சேர்ந்து சொல்லிப் பழகினார்.

லேத் அண்ணனுக்குப் புனேயில் ஒரு வாடிக்கையாளர். டிராயிங் மெயிலில் வரும். பதில் எழுத ஆள் தேடி இரண்டு நாள் போகும். அதற்குள் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனதும் உண்டு. அவருக்கு வேண்டியது நான்கு வகை மெயில்தான். டிராயிங் கிடைத்தது, விலை இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தருகிறேன், ஒரு அளவு தெளிவாக இல்லை. இந்த நான்கையும் அவரே எழுதும்வரை வேறெதுவும் படிக்கவில்லை.

இங்கே ஏஐ பற்றிக் கேட்பீர்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தமிழில் சொன்னாலே ஆங்கில மெயில் எழுதித் தரும் வசதி எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. அவசரத்திற்கு அது நல்லது. கற்பதற்கு இப்படிக் கேளுங்கள்: முதலில் உங்கள் வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள். பிறகு, "இதைப் புதிதாக எழுத வேண்டாம், தவறை மட்டும் திருத்து, ஏன் தவறு என்று தமிழில் இரண்டு வரியில் சொல்" என்று டைப் செய்யுங்கள். சில சமயம் தவறான விளக்கத்தையும் உறுதியான குரலில் சொல்லும் என்பதால் சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். வாடிக்கையாளரின் பெயர், விலை, டிராயிங் இவற்றை அதில் போட வேண்டாம். பத்து முறை கேட்டாலும் ஏஐ முகம் சுளிப்பதில்லை. பெரியவர்களுக்கு இதன் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

காதுக்குப் பழக்கம்

டிவி செய்தியின் வேகத்தில் கேட்டுப் பயந்து விட்டவர்கள் ஏராளம். அமெரிக்காவின் வாய்ஸ் ஆப் அமெரிக்கா வானொலி 1959-ல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற ஒலிபரப்பைத் தொடங்கியபோது, சுமார் 1,500 சொற்களுக்குள், சிறு வாக்கியங்களில், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காகப் படித்தார்கள். அந்த வேகத்தை இன்று நாமே வைத்துக் கொள்ளலாம். யூடியூப் வீடியோவில் பற்சக்கரம் போன்ற ஐகானைக் கிளிக் செய்து, பிளேபேக் ஸ்பீடில் 0.75 தேர்ந்தெடுங்கள். 0.5-க்குப் போனால் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலிருக்கும். கீபோர்டில் சி எழுத்தை அழுத்தினால் சப்டைட்டில் வரும். இடது அம்புக் குறி கீ ஐந்து விநாடி பின்னால் கொண்டு போகும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் ஆறு நிமிட ஆங்கிலப் பாடங்கள் எழுத்து வடிவத்துடன் இலவசமாகக் கிடைக்கின்றன.

கண்டக்டர் ஐயாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. குரல் பதிவுக்கும் ஒத்துக் கொள்ளவில்லை. அவர் கிரிக்கெட் பார்க்கும்போது கமெண்டரியை ஆங்கிலத்திற்கு மாற்றிக் கொண்டார். ஆட்டம் ஏற்கனவே கண்ணுக்குத் தெரிவதால் பாதிக்குப் பாதி தானாகப் புரிகிறது. பிடிபட்ட சொற்களை டிக்கெட் எண்ணிக்கை எழுதிய கையால் நோட்டில் எழுதுகிறார். அவருக்கு அது போதும், நானும் வற்புறுத்துவதில்லை.

சொற்களை மறக்காமல் இருக்க அன்கி என்ற இலவசப் புரோகிராம் நல்லது. மறக்கும் தறுவாயில் அந்தச் சொல்லை மீண்டும் காட்டும். ஆனால் நிறுவியதும் தினமும் 20 புதிய கார்டுகள் என்று இருக்கும். டெக் ஆப்ஷன்ஸ் சென்று அதை 5 ஆகக் குறைத்திடுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் விட்டுத் திறக்கும்போது குவிந்திருக்கும் எண்ணிக்கையைப் பார்த்தே மூடி விடுவீர்கள்.

விண்டோஸ் கீயுடன் எச் அழுத்தினால் நாம் பேசுவதை அதுவே டைப் செய்யும். இன்டர்நெட் இணைப்பு வேண்டும். கீபோர்டு மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். பலர் இதை முதல் நாளே பரிந்துரைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாம் ஒன்று சொல்ல அது வேறொன்று டைப் செய்தால், தப்பு மெஷினுடையதா நம்முடையதா என்று புதியவருக்குத் தெரியாது. மூன்று மாதம் போகட்டும்.

பக்கத்தில் உட்காருபவர்களுக்கு

பெரும்பாலும் வீட்டில் மகனோ மகளோதான் சொல்லித் தருகிறார்கள். பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். அம்மா ஒரு வாக்கியத்தை முடிக்கட்டும். முடித்ததும், அவர் சொன்னதையே சரியான வடிவில் நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். சிரிப்பது கூடவே கூடாது. அப்பாக்கள் அதை மறப்பதில்லை. உறவினர் வந்திருக்கும்போது "எங்கே, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசிக் காட்டுங்க" என்று கேட்பதும் வேண்டாம். முடிந்தால் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்திடுங்கள். தனியே தப்புத் தப்பாகப் பேசிப் பார்க்க ஓர் இடம் கிடைப்பதற்காகவே பாதிப் பேர் கம்ப்யூட்டரை விரும்புகிறார்கள்.

அக்கா பெற்றோர் கூட்டத்திற்குப் போய் வந்தார். ஏழு கேள்விகளில் மூன்றைக் கேட்டாராம். மூன்றாவதற்கு டீச்சர் சொன்ன பதில் புரியவில்லை. "ஸ்லோலி, ப்ளீஸ்" என்றாராம். டீச்சர் மெதுவாகச் சொன்னார். மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்பதுதான் அந்தப் பதில்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. சவுண்ட் ரெக்கார்டரில் பதிவின் மீது ரைட் கிளிக் செய்தால் அது இருக்கும் போல்டரைத் திறக்கும் வழி கிடைக்கும். அந்த போல்டரையும் எக்செல் பைலையும் மாதம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி செய்து வைத்திடுங்கள். கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று விண்டோஸை மறுபடி நிறுவ வரும் பையன் பாட்டையும் போட்டோவையும் காப்பாற்றித் தருவான். 50 விநாடி தையல் மெஷின் சத்தத்தை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.